அயர்லாந்தைக் காட்டி யாரை ஏய்க்கப் பார்க்கிறார்கள்?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் காலை ஷிப்டுக்கு வந்து இறங்கும் கூட்டத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள்கோயில், கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பெண்கள். கையில் சோற்று டப்பா, கழுத்தில் அடையாள அட்டை. ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரம் ஒரு நீண்ட மதிலுக்குள் நுழைந்து மறைகிறார்கள். மதிலுக்கு வெளியே இருப்பது இந்தியா. உள்ளே இருப்பது, சுங்க வரி விஷயத்தில், இந்தியா இல்லை!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2005ஆம் வருஷத்துச் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின் 53ஆவது பிரிவு, இப்படிப்பட்ட மண்டலங்களை இந்தியச் சுங்க எல்லைக்கு வெளியே உள்ள பிரதேசமாகக் கருத வேண்டும் என்கிறது. குரோம்பேட்டையில் செய்த அட்டைப்பெட்டி லாரியில் ஏறி அடுத்த ஸ்டேஷன் தூரம் வந்து அந்த வாசலைத் தாண்டினால் அதற்குப் பெயர் ஏற்றுமதி. உள்ளே தைத்த சட்டை வெளியே வந்து மேற்குத் தாம்பரம் கடையில் தொங்க வேண்டுமானால், வெளிநாட்டுச் சரக்குக்கு உண்டான சுங்கத்தைக் கட்டியாக வேண்டும். சட்டையைத் தைத்தவள் மட்டும் பாஸ்போர்ட் இல்லாமல் தினமும் போய் வருகிறாள்.

இந்த விசித்திரமான யோசனை எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், நம் தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பாதியே உள்ள அயர்லாந்திலிருந்து வந்தது. அங்கே ஜனத்தொகை 54 லட்சம் அளவுதான். இன்று முதலாளிகளின் சங்கக் கூட்டங்களிலும், பத்திரிகைகளின் வியாபாரப் பக்கங்களிலும் அடிக்கடி காட்டப்படும் உதாரணமும் அதுவே. “அயர்லாந்தைப் பாருங்கள்! வரியைக் குறைத்தது, அன்னிய மூலதனத்துக்குக் கதவைத் திறந்தது, ஏற்றுமதி செய்தது, பணக்கார நாடாகிவிட்டது. நாமும் அப்படியே செய்தால் நாமும் ஆகலாம்” என்கிறார்கள்.

சரி, பார்ப்போம். முழுதாகவே பார்ப்போம்.

பட்டினி நாட்டிலிருந்து ஏற்றுமதி

அயர்லாந்து வெகுகாலம் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் காலடியில் கிடந்த நாடு. நிலம் பிரபுக்களுடையது, உழுதவன் குத்தகைக்காரன் அல்லது கூலி. ஏழைக்கு உருளைக்கிழங்கு ஒன்றே ஆகாரம். 1845இல் அந்தக் கிழங்குச் செடியில் நோய் விழுந்தது. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள்; இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறி ஓடினார்கள். அதே வருஷங்களில் அந்த நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன. ஏற்றுமதி அதிகமானால் ஜனங்கள் வயிறு நிறையும் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு கணக்கை முதலில் படிக்கட்டும். 1841இல் அந்தத் தீவு முழுவதிலும் 80 லட்சத்துக்கு மேல் ஜனங்கள் இருந்தார்கள். அந்த எண்ணிக்கையை அந்தத் தீவு இன்றுவரை திரும்ப எட்டவில்லை.

நமக்கு இது அன்னியக் கதையா? 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் நடந்ததும் இதுவேதான். சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற வெள்ளை அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்குப் போட்டான். அன்று பஞ்சக் கூலிகள் வெட்டிய கால்வாய் துண்டுதான் அடையாற்றையும் கூவத்தையும் பக்கிங்காம் கால்வாயாக இணைத்தது. இன்று அதன் கரையோரம் பறக்கும் ரயில் ஓடுகிறது.

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் அயர்லாந்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய வேறொரு விஷயமும் உண்டு. முதலாளிகளின் கூட்டத்தில் இதைச் சொல்லமாட்டார்கள். 1879இல் மைக்கேல் டேவிட் முதலானவர்கள் நிலச் சங்கம் அமைத்தார்கள். மறு வருஷம் மேயோ ஜில்லாவில் ஒரு பிரபுவின் காரியஸ்தன் குத்தகையைக் குறைக்க மறுத்தான். கூலிக்காரன் அறுக்கப் போகவில்லை. வண்ணான் துணி எடுக்கவில்லை. கடைக்காரன் சாமான் கொடுக்கவில்லை. வெளியூரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, ஆயிரம் சிப்பாய்கள் காவல் நிற்க அறுவடை நடந்தது. பயிரின் மதிப்பைப்போலப் பலமடங்கு காவலுக்கே செலவாயிற்று. அந்தக் காரியஸ்தனின் பெயர் பாய்காட். பகிஷ்காரத்துக்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் சொல் அவன் பெயர்தான்.

அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தால் பல சட்டங்கள் வந்தன. 1883இல் தொடங்கிய விவசாயத் தொழிலாளர் சட்டங்களின் கீழ், 1914க்குள் சுமார் 40 ஆயிரம் வீடுகள் கூலி விவசாயிகளுக்காக ஸ்தல ஸ்தாபனங்களால் கட்டப்பட்டன. வீட்டோடு அரை ஏக்கர். பிற்பாடு ஒரு ஏக்கர் வரை. இங்கே பண்ணையார் மனையில் குடிசை போட்டிருந்தவனுக்கு அந்த மனை சொந்தம் என்ற சட்டம் வர 1971 ஆயிற்று. அதுவும் செங்கொடி பிடித்துக் கீழ்த்தஞ்சையில் ரத்தம் சிந்திய பிறகு.

விமானம் நிற்காமல் போனதால் பிறந்த மண்டலம்

1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி விடுதலை பெற்றது. கொடி மாறியது, வியாபாரம் மாறவில்லை. கால்நடை இங்கிலாந்துக்கு, யந்திரம் இங்கிலாந்திலிருந்து என்பதே வழக்கமாயிருந்தது. 1932 முதல் 1938 வரை இரு நாட்டுக்கும் சுங்க யுத்தமே நடந்தது. இங்கிலாந்து மாட்டுக்கு வரி போட்டதும் ஐரிஷ் விவசாயி கன்றுக்குட்டியைத் தோலுக்காக வெட்டும் நிலைமைக்கு வந்தான். ஒரே வாங்குகிறவனை நம்பி விற்கிற நாட்டின் கதி அது. 1950களில் மட்டும் நாலு லட்சம் பேர் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள். லண்டனில் ரோடு போட்டவன் ஐரிஷ்காரன். ஆஸ்பத்திரியில் தாதி ஐரிஷ்காரி.

அந்த நாட்டின் மேற்குக் கரையில் ஷானன் என்ற விமான நிலையம் இருக்கிறது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பறந்த அந்தக் காலத்து விமானங்கள் எண்ணெய் போட்டுக்கொள்ள அங்கே இறங்கியாக வேண்டும். இறங்குகிறவர்களிடம் வியாபாரம் செய்ய, 1947இல் பிரெண்டன் ஓரீகன் என்பவர் சுங்கமில்லாக் கடை ஒன்றைத் திறந்தார். உலகத்தின் முதல் விமான நிலையச் சுங்கமில்லாக் கடை அதுதான். பிறகு ஜெட் விமானங்கள் வந்தன, நிற்காமலே பறந்துவிட்டன. ஊர் காலியாகிவிடும் என்ற பயத்தில் 1959இல் புதிதாக ஒன்று செய்தார்கள். விமான நிலையத்தை ஒட்டி வேலி போட்டார்கள். உள்ளே கொண்டுவரும் பொருளுக்குச் சுங்கமில்லை, ஏற்றுமதி லாபத்துக்கு வரியில்லை, ஆலை கட்ட மானியம் உண்டு என்று அறிவித்தார்கள். அமெரிக்கக் கம்பெனிகள் வந்தன. உலகமெல்லாம் இன்று இருக்கும் ஏற்றுமதி மண்டலங்களுக்கு அதுவே முன்மாதிரி. 1980இல் சீனத்திலிருந்து ஜியாங் ஜெமின்கூட ஷானனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நம் சர்க்கார் 1965இலேயே குஜராத்தின் காண்ட்லாவில் இப்படி ஒன்றைத் தொடங்கிவிட்டது. ஆசியாவில் அதுதான் முதல். 1973இல் பம்பாய் சாந்தாகுரூஸ். 1984இல் நமது தாம்பரத்தில் சென்னை ஏற்றுமதி வளாகம், சுமார் 260 ஏக்கரில். 2003 ஜனவரி முதல் அதற்குச் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று பெயர் மாற்றம்.

வெளிநாட்டு வியாபாரம் இந்த ரோட்டுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். குரோம்பேட்டை என்ற பெயரே 1912இல் ஒரு வெள்ளைக்காரர் தொடங்கிய குரோம் லெதர் தோல் ஆலையால் வந்தது. பல்லாவரம், பம்மல், நாகல்கேணித் தோல் ஐரோப்பாவுக்குப் போயிற்று. தோல் பதனிட்ட கழிவு நீர் மட்டும் நம் கிணறுகளிலேயே தங்கிவிட்டது.

ஷானனில் செய்ததும் தாம்பரத்தில் செய்யாததும்

இங்கே ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். அயர்லாந்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று நாம் வாதிடவில்லை. கிடைத்தது. நாட்டைவிட்டு ஓடிய ஜனங்கள் 1990களில் திரும்பி வந்தார்கள். 2025இல் அங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.50 யூரோ. ஆனால் இது வரிச்சலுகையால் மட்டும் வந்ததா? 1967இல் அந்தச் சர்க்கார் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இலவசமாக்கியது. 1973இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. அங்கிருந்து விவசாயத்துக்கும் ரோட்டுக்கும் பெரும் பணம் வந்தது. ஷானன் மண்டலத்தைக் கட்டி நடத்தியதும் தனி முதலாளி அல்ல. சர்க்காரின் சொந்தக் கம்பெனி. அந்தக் கம்பெனி ஆலைக்கூடத்தோடு நின்றதா? பக்கத்தில் ஷானன் என்ற ஊரையே 1960களில் கட்டியது. தொழிலாளிக்கு வாடகை வீடு, பள்ளிக்கூடம், கடை எல்லாம் கட்டியது.

தாம்பரத்தில் வேலி கட்டினார்கள், ஊர் கட்டவில்லை. வேலியையும் வரிச்சலுகையையும் மட்டும் காப்பியடித்து, வீட்டையும் பள்ளியையும் விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் தொழிலாளி கடப்பேரியிலோ பம்மலிலோ சேலையூரிலோ ஓர் அறைக்கு வாடகை கொடுக்கிறாள். மழைக்காலம் வந்தால் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. 2015 டிசம்பரை யார் மறக்க முடியும்?

சங்க விஷயத்தில் மட்டும் ஷானனுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை. 1968இல் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்குச் சொந்தமான ஷானன் ஆலை ஒன்று தொழிலாளர் சங்கத்தை அங்கீகரிக்க மாட்டேன் என்றது, வேலைநிறுத்தம் வெடித்தது. 56 வருஷம் கழித்து நம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9இல் தொடங்கி 37 நாள் வெளியே நின்றார்களே, எதற்காக? அதே சங்கத்துக்காகத்தான். பதிவு கிடைக்க 2025 ஜனவரி ஆயிற்று. அயர்லாந்தில் இன்றும் சங்கம் வைக்க உரிமை உண்டு. ஆனால் சங்கத்தோடு பேசியாக வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. “அயர்லாந்தைப் பார்” என்று சொல்கிறவர்களுக்கு அந்த நாட்டில் மிகவும் பிடித்த அம்சம் எதுவென்று நாம் ஊகிக்கலாம்.

காகிதத்தில் வளர்ந்த நாடு

இனிமேல்தான் வேடிக்கை. 2015இல் அயர்லாந்தின் மொத்த உற்பத்தி ஒரே வருஷத்தில் 26 சதவீதம் வளர்ந்தது என்று சர்க்கார் கணக்கு அறிவித்தது. உலகமே சிரித்தது. ஒரே வருஷத்தில் நாலில் ஒரு பங்கு ஆலைகள் புதிதாக முளைத்தனவா? பசுக்கள் இரட்டிப்புப் பால் கறந்தனவா? ஒன்றுமில்லை. பெரிய அன்னியக் கம்பெனிகள் தங்கள் சொத்தையும் காப்புரிமையையும் கணக்குப் புத்தகத்தில் அயர்லாந்துக்கு மாற்றி எழுதின, அவ்வளவுதான். ஒரு தொழிலாளியின் சட்டைப் பைக்கும் ஒரு யூரோகூட அதிகம் வரவில்லை. கடைசியில் அந்த நாட்டுப் புள்ளிவிவர இலாகாவுக்கே வெட்கமாகி, இந்த மாயத்தைக் கழித்துப் பார்க்க வேறோர் அளவுகோலைச் செய்தது. அதன்படி 2023இல் அயர்லாந்தின் உண்மையான வருமானம், ஊருக்குச் சொல்லும் மொத்த உற்பத்தியில் பாதிக்குச் சற்று மேல்தான்.

ஆப்பிள் கம்பெனியின் கதையைக் கேளுங்கள். 1980 முதல் அது அயர்லாந்தின் கார்க் நகரில் இருக்கிறது. ஐரோப்பாவில் விற்றாலும் ஆப்பிரிக்காவில் விற்றாலும், ஏன், இந்தியாவில் விற்றாலும், லாபம் கார்க் நகரக் கணக்கிலே ஏறும்படி வெகுகாலம் ஏற்பாடு இருந்தது. அங்கேயாவது வரி கட்டினார்களா? 2016இல் ஐரோப்பியக் கமிஷன் விசாரித்துச் சொன்ன கணக்கு இது: 2014இல் பத்து லட்சம் யூரோ லாபத்துக்கு அவர்கள் கட்டிய வரி 50 யூரோ. ஆம், ஐம்பது. நம்மூர் டீக்கடைக்காரர் பாலுக்கும் சர்க்கரைக்கும் கட்டும் மறைமுக வரியின் விகிதத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

பாக்கி 1,300 கோடி யூரோவை ஆப்பிளிடம் வசூல் செய் என்று அந்தக் கமிஷன் உத்தரவிட்டது. அயர்லாந்து சர்க்கார் என்ன செய்தது? “எங்களுக்கு அந்தப் பணம் வேண்டாம்” என்று கம்பெனியோடு சேர்ந்து கோர்ட்டுக்குப் போயிற்று! தன் கஜானாவுக்கு வரவேண்டிய பணத்தை வரவிடாமல் தடுக்க வக்கீல் வைத்த சர்க்காரைச் சரித்திரத்தில் வேறெங்கே பார்ப்பது? 2024 செப்டம்பர் 10இல் ஐரோப்பிய உச்ச நீதிமன்றம் கட்டியே ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னபிறகுதான் அந்தப் பணம் வந்தது. கம்பெனிக்குக் கோபம் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு சுதந்திர நாடு இப்படி நடக்கிறது. 1916இல் அந்த நாட்டு விடுதலைக்காக வெள்ளையன் சுட்டுக்கொன்ற ஜேம்ஸ் கானலி, காயத்தால் நிற்க முடியாமல் நாற்காலியில் கட்டிவைத்துச் சுடப்பட்ட அந்தத் தோழர், 1897இலேயே எச்சரித்திருந்தார்: கொடியை மட்டும் மாற்றினால் போதாது, முதலாளியும் நிலப்பிரபுவும் வட்டிக்காரனும் அதே பிடியில் வைத்திருப்பார்கள் என்று.

இப்போது கஜானா நிறைந்திருக்கிறது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் கம்பெனி வரியில் பாதிக்கு மேல் பத்தே கம்பெனிகளிடமிருந்து வருகிறது. ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது, பெரும்பாலும் மருந்து. 2025இல் டிரம்ப் சுங்க வரியைக் கையிலெடுத்தபோது டப்ளினில் மந்திரிகளுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு காலத்தில் மாட்டுக்கு லண்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று மாத்திரைக்கு வாஷிங்டனைப் பார்க்கிறார்கள். அதே 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரி விழுந்ததும் திருப்பூரும் ஆம்பூரும் என்ன பாடுபட்டன என்று நமக்குத் தெரியும். இவ்வளவு செல்வம் குவிந்த நாட்டில், 2025இல் சர்க்கார் கணக்குப்படியே 16 ஆயிரம் பேருக்கு மேல் வீடில்லாமல் அவசர விடுதிகளில் கிடந்தார்கள்.

மூட்டை கட்டியபோது

வரிச்சலுகைக்காக வந்தவன் அதைவிடப் பெரிய சலுகை கண்டால் போவான். 1991இல் டெல் கம்பெனி, ஷானனுக்குப் பக்கத்து நகரமான லிமரிக்கில் கம்ப்யூட்டர் ஆலை வைத்தது. 2009 ஜனவரியில், உற்பத்தியைப் போலந்துக்கு மாற்றுகிறோம் என்று அறிவித்தது. 1,900 பேருக்கு வேலை போயிற்று. போலந்தில் கூலி குறைவு. போலந்து சர்க்கார் மானியமும் கொடுத்தது. லிமரிக் தொழிலாளி திறமை குறைந்தவனா? ஒருநாளும் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

நமக்கு இது தெரியாத பாடமல்ல. ஐரோப்பாவின் இன்னொரு சின்ன நாடான பின்லாந்தின் நோக்கியா, 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் எட்டாயிரம் பேர் நேரடியாக வேலை செய்தார்கள். பெரும்பாலோர் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். 2014 நவம்பர் 1இல் கதவு மூடப்பட்டது. பின்லாந்திலேயே சாலோ ஆலையை 2012இல் மூடிவிட்டிருந்தார்கள். ஆகவே இது வெள்ளைத் தொழிலாளிக்கும் கறுப்புத் தொழிலாளிக்கும் உள்ள போட்டி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டெல் போன அந்தக் காலத்தில் அயர்லாந்துக்கு வேறொரு இடியும் விழுந்தது. வீட்டுமனைச் சூதாட்டத்தில் அந்த நாட்டு பாங்குகள் மூழ்கின. 2008 செப்டம்பர் 30இல் சர்க்கார், பாங்குகளின் கடனுக்கெல்லாம் தானே ஜாமீன் என்றது. பாங்குகளைத் தூக்கி நிறுத்த ஜனங்களின் பணம் 6,400 கோடி யூரோ செலவாயிற்று. 2010இல் சர்வதேச நிதி ஸ்தாபனத்திடமும் ஐரோப்பாவிடமும் கையேந்த வேண்டியதாயிற்று. கடன் கொடுத்தவர்கள் மனம் குளிர என்ன வெட்டினார்கள் தெரியுமா? குறைந்தபட்சக் கூலியில் மணிக்கு ஒரு யூரோ வெட்டினார்கள்! எதிர்ப்பு வலுத்து ஆட்சி மாறியபின் 2011 ஜூலையில் அதைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் கம்பெனி வரி? அது 12.5 சதவீதத்திலிருந்து ஒரு புள்ளிகூட அசையவில்லை. பிரான்சும் ஜெர்மனியும் உயர்த்தச் சொல்லியும் அசையவில்லை. பெரிய கம்பெனிகளுக்கு அதை 15 ஆக்கவே 2024 ஆயிற்று. அதுவும் உலக நாடுகள் கூடி முடிவு செய்தபின்.

இரவல் வாங்கிய இரண்டு சரக்கு

அயர்லாந்திடமிருந்து இந்தியா வாங்கியது மண்டலத்தை மட்டுமல்ல. நமது அரசியல் சட்டத்தின் நாலாவது பாகத்தில் அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதை 1937ஆம் வருஷத்து ஐரிஷ் அரசியல் சட்டத்தைப் பார்த்துத்தான் எழுதினார்கள். அதிலே 43ஆவது பிரிவு, தொழிலாளிக்கு வாழ்க்கை நடத்தப் போதுமான கூலி கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. விவசாயத் தொழிலாளிக்கும் சேர்த்தே சொல்கிறது. 1976இல் சேர்த்த 43ஏ பிரிவு, ஆலை நிர்வாகத்தில் தொழிலாளிக்குப் பங்கு என்கிறது. ஆனால் 37ஆவது பிரிவு முன்னாலேயே கையை விரித்துவிடுகிறது: இவற்றில் எதையும் கோர்ட்டில் கேட்க முடியாது!

மண்டலச் சட்டமோ அப்படியல்ல. வரிவிலக்கு ஒரு நாள் தாமதமானாலும் கம்பெனி கோர்ட்டுக்குப் போகலாம். ஏற்றுமதி லாபத்துக்கு முதல் ஐந்து வருஷம் முழு வருமான வரி விலக்கு, அடுத்த ஐந்து வருஷம் பாதி, அதற்கடுத்த ஐந்து வருஷம் திரும்ப முதலீடு செய்யும் லாபத்தில் பாதி. 2020 மார்ச் முடிய உற்பத்தி தொடங்க வேண்டியவர்களுக்கெல்லாம் இந்த விருந்து வைக்கப்பட்டது. ஒரே நாட்டிலிருந்து இரண்டு சரக்கு இரவல் வாங்கினோம்: முதலாளிக்கு உரியது உரிமையாயிற்று, தொழிலாளிக்கு உரியது உபதேசமாயிற்று.

வி.வி. கிரி 1913 முதல் 1916 வரை டப்ளினில் சட்டம் படித்தவர். அந்த நகரத்து முதலாளிகள் 20 ஆயிரம் தொழிலாளிகளைச் சங்கத்தை விடச் சொல்லிக் கதவடைத்ததையும், ஜிம் லார்க்கினும் கானலியும் அவர்களுக்குத் தலைமை வகித்ததையும் அவர் அங்கே இருந்த காலத்தில்தான் நாடு கண்டது. ஊர் திரும்பி ரயில்வே சங்கம் கட்டினார். 1937இல் சென்னை மாகாணத்தின் தொழிலாளர் மந்திரி. 1952இல் மத்திய மந்திரி. பாங்கு ஊழியர்களுக்குக் கிடைத்த தீர்ப்பைச் சர்க்கார் வெட்டியபோது 1954இல் பதவியை உதறினார். அவர் நம் கட்சிக்காரர் அல்ல. பல விஷயங்களில் நமக்கும் அவருக்கும் ஒத்துவராது. ஆனாலும் அயர்லாந்திலிருந்து எதைக் கொண்டுவர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கணக்கைக் காட்டு!

ஏற்றுமதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெட்ரோலும் உரமும் யந்திரமும் வாங்க அன்னியச் செலாவணி வேண்டும். அதைச் சம்பாதிக்கும் கைகள் நம்முடையவை என்பதில் பெருமைதான். நாம் கேட்பது வேறு. கப்பலேறிப் போனது எவ்வளவு என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போடுகிறீர்களே, ஊரில் தங்கியது எவ்வளவு?

2014இல் மத்தியத் தணிக்கை அதிகாரி கொடுத்த அறிக்கை இருக்கிறது. 2006-07 முதல் 2012-13 வரை இந்த மண்டலங்களுக்கு விட்டுக்கொடுத்த வரி 83 ஆயிரத்து 104 கோடி ரூபாய். ஆய்வு செய்த மண்டலங்களில் 39 லட்சம் பேருக்கு வேலை தருவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். தந்தது 2 லட்சத்து 85 ஆயிரம் பேருக்கு. நூற்றுக்கு ஏழு! விவசாயத் தொழிலாளி நூறு கட்டு அறுப்பதாகச் சொல்லி ஏழு கட்டு அறுத்தால் பண்ணையார் கூலி கொடுப்பாரா? இங்கே கொடுத்தார்கள்.

மத்திய சர்க்கார் வருஷா வருஷம் பட்ஜெட்டோடு சலுகைக் கணக்கு ஒன்று போடுகிறது. அதில் நாடு முழுவதற்குமாக ஒரு மொத்தத் தொகைதான் இருக்கும். தாம்பரம் வேலிக்குள் எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கப்பட்டது, அந்தக் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளி எத்தனை, காண்டிராக்ட் எத்தனை, பயிற்சியாளர் என்ற பெயரில் எத்தனை என்று ஆலைவாரியாகப் போட வேண்டும். ரேஷன் கார்டுக்கு ஒரு வீட்டில் எத்தனை பல்பு எரிகிறது என்று விசாரிக்கத் தெரிந்த சர்க்காருக்கு இது முடியாத காரியமல்ல.

மண்டலத்துக்குள் தொழிலாளர் சட்டம் செல்லாது, சங்கம் வைக்கக் கூடாது என்று மேஸ்திரிகள் பயமுறுத்துவதுண்டு. அது சுத்தப் பொய். அதே 2005ஆம் வருஷத்துச் சட்டத்தின் 49ஆவது பிரிவு, மண்டலங்களுக்காக மற்றச் சட்டங்களைத் தளர்த்த மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் தொழிற்சங்கம், தொழில் தகராறு, வேலை நிலைமை, பிராவிடண்ட் பண்டு, விபத்து நஷ்டஈடு, பென்ஷன், பிரசவகால உதவி ஆகிய சட்டங்களில் கைவைக்கக் கூடாது என்று அந்தப் பிரிவே தடை போடுகிறது. சுங்கத்துக்குத்தான் அது அன்னிய பூமி. சங்கத்துக்கு அது தாம்பரம்தான்.

ஆபத்து இப்போது வேறு வழியில் வருகிறது. வேலிக்குள் சட்டத்தை எடுக்க முடியாதென்றால், வேலிக்கு வெளியேயும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். 2025 நவம்பர் 21இல் அமலாக்கிய நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களைப் படியுங்கள். முன்பு ரயில், தண்ணீர், மின்சாரம் போன்ற பொதுச் சேவைகளில்தான் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்புக் கட்டாயம். இப்போது எல்லா ஆலைக்கும். நூறு பேர் வேலை செய்யும் ஆலையை மூட முன்பு சர்க்கார் அனுமதி வேண்டும். இப்போது முந்நூறு பேருக்குக் குறைந்தால் வேண்டாம். இந்த ரோட்டோரத்துச் சிறு ஆலைகளில் முந்நூறு பேர் எத்தனை இடத்தில் இருக்கிறார்கள்? நாடு முழுவதையும் ஒரே மண்டலமாக்கும் முயற்சி இது. ஆனாலும் இது தடுக்க முடியாதது அல்ல. 2023 ஏப்ரல் 21இல் சட்டசபையில் நிறைவேறிய பன்னிரண்டு மணிநேர வேலை மசோதா, எல்லாச் சங்கங்களும் ஒன்றாய் நின்றதால் மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது.

வீட்டு விஷயத்தையும் விடக் கூடாது. மாநில சர்க்கார் 2023இல் தாம்பரத்தில் பெண்களுக்குத் தோழி விடுதி திறந்தது. 2024இல் வல்லம் வடகாலில் 18 ஆயிரத்து 720 பெண்கள் தங்கும் விடுதி வந்தது. ஒண்டுக் குடித்தனத்துக்கு அது மேல், வரவேற்கிறோம். ஆனால் விடுதியில் கிடைப்பது படுக்கை. கலியாணம் ஆனால் காலி செய்ய வேண்டும். குழந்தை பிறந்தால் இடமில்லை. ஊரிலிருந்து அம்மா வந்தால் வாசலில் நிற்க வேண்டும். நாற்பது வருஷமாக ஏற்றுமதி செய்த ஊரில், குடும்பத்தோடு குடியிருக்க வாடகை வீடு வேண்டும். 2021இல் மாநகராட்சியான தாம்பரமும், மாநில வீட்டு வசதி வாரியமும், சலுகை வாங்கிய கம்பெனிகளும் சேர்ந்து கட்டட்டும். மழைத் தண்ணீர் புகாத மேட்டில், ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் தூரத்தில் கட்டட்டும். எத்தனை குடும்பங்களுக்கு வீடு தேவை என்ற பட்டியலைத் தயாரிப்பது நம் சங்கங்களின் வேலை. வரும் மாதங்களில் கடப்பேரி, பம்மல், பெருங்களத்தூர், வண்டலூர்க் கிளைகள் வீடுவீடாகப் போய் அந்தப் பட்டியலை எடுக்க வேண்டும். எடுத்து, மாநகராட்சி மன்றத்தில் வைக்க வேண்டும்.